ஒத்துக்கல

"எனக்குப் பொகை ஒத்துக்கல டாக்டர்."

இருபது வருடமாக எந்த மருத்துவரிடம் கூட்டிப்போனாலும் அம்மா இந்த வாக்கியத்தில்தான் தொடங்குவாள். மருத்துவர் நெஞ்சையும் முதுகையும் வைத்துப் பார்த்துவிட்டு, அதை வேறொரு வாக்கியமாக்கித் திருப்பித் தருவார்: "உங்களுக்கு அலர்ஜி இருக்கும்மா." சீட்டில் ஏறுவது இந்த இரண்டாவது வாக்கியம்தான். வீசிங், அலர்ஜி, பிறகு சில வருடம் மெனோபாஸ், டென்ஷன், இப்போது சிறுநீரகம் என்று எல்லாச் சீட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் பீரோவில் வைத்திருக்கிறேன். அவற்றில் எங்குமே புகை என்ற சொல் இல்லை.

கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவள் நான். இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முதல் நாளே பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒரு நாள் கிளினிக் வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வேற்றுமைக் கேள்வி ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட கையோடு அது உறைத்தது. அம்மாவின் வாக்கியத்தில் எழுவாய் புகை. 'எனக்கு' நான்காம் வேற்றுமை. ஒத்துப்போகாமல் முரண்டு பிடிப்பது புகை. அது வந்து சேரும் இடம் மட்டுமே அவள். மருத்துவரின் வாக்கியத்தில் எழுவாய் அலர்ஜி. 'உங்களுக்கு இருக்கிறது' என்றதும் அதே நான்காம் வேற்றுமை உடைமைப் பொருளுக்கு மாறிவிடுகிறது. வீடு இருக்கிறது, நகை இருக்கிறது என்பதுபோல அம்மாவுக்கு ஓர் அலர்ஜியும் இருக்கிறது. புகை வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிட்டது.

ஒத்துக்கொள்ளுதல் என்ற வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு. தப்பை ஒத்துக்கொள்வது, கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்வது. அம்மாவின் தலைமுறைப் பெண்கள் கத்தரிக்காயைப் பற்றியும் புகையைப் பற்றியும் மட்டும்தான் வீட்டில் தைரியமாக 'ஒத்துக்கல' என்று சொல்ல முடிந்தது. அந்தச் சிறிய மறுப்பையும் நோய்க்குறியாக மாற்றிவிட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

எங்கள் வீடு யானைக்கவுனியில், வால்டாக்ஸ் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. ஏழு குடித்தனம், ஒரு குழாய், நடுவில் முற்றம். தெருப் பக்கத்து இரண்டு அறைகள் நகைப் பட்டறை. அப்பா அதில் பற்றவைக்கிற வேலை பார்த்தார். கிழக்கே கொஞ்சம் நடந்தால் மின்ட் தெரு, தமிழில் தங்கசாலை. அதைத் தாண்டினால் சௌகார்பேட்டையின் சேட்டுக் கடைகள். கடைகளின் கண்ணாடிக்குள் இருக்கும் தங்கம் எங்கள் சந்து மாதிரியான சந்துகளில்தான் உருகி, அடிபட்டு, ஒட்டி, வெளுத்து வெளியே போகும். இன்று அந்த அறைகளில் வங்காளத்துப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை செய்யும் உடம்பு மாறியிருக்கிறது, ஜன்னல் அதே அளவுதான்.

தங்கத்தைப் பிரிக்க நைட்ரிக் அமிலம் ஊற்றுவார்கள். பட்டறையில் அதற்குத் திராவகம் என்று பெயர். செம்பையும் வெள்ளியையும் தின்னும்போது அதிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புகை எழும்பும். ஜன்னல் வழியாக முற்றத்துக்கு வரும், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நிற்கும். குழந்தையாக இருந்தபோது எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.

இந்தத் தொழிலில் எதுவும் வீணாகாது. பட்டறையைக் கூட்டிய மண்ணை வெளியே கொட்டமாட்டார்கள். கை கழுவிய தண்ணீர், பழைய பாய், அப்பாவின் சட்டை எல்லாவற்றிலும் தங்கத் தூள் இருக்கும். அப்பாவின் துணியை அலசிய முதல் தண்ணீரை அம்மா ஓர் அண்டாவில் தெளியவைத்து, அடியில் தங்கும் வண்டலைச் சேர்த்துவைப்பாள். வருடத்துக்கொருமுறை ஓர் ஆள் வந்து அதை விலை பேசி வாங்கிப்போவார். சௌகார்பேட்டையில் விடிவதற்கு முன்னால் பெண்களும் ஆண்களும் கடை வாசல்களையும் சாக்கடை ஓரத்தையும் கூட்டி மண் அள்ளுவதை இன்றைக்கும் பார்க்கலாம். அதைச் சலித்து, கழுவி, பாதரசம் சேர்த்துத் தூளைப் பிடிப்பார்கள். பிறகு பாதரசத்தை நெருப்பில் ஓட்டிவிடுவார்கள். ஒரு குன்றிமணித் தூளுக்கும் கணக்கு இருக்கிற தெருவில், நெருப்பில் போன பாதரசம் எங்கே போயிற்று என்ற கணக்கு மட்டும் கிடையாது. நகை வாங்கப் போன ஒவ்வொரு பெண்ணுக்கும் செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு சொற்கள் தெரியும். சேதாரம் எத்தனை சதவீதம் என்று கடைக்காரரிடம் வாதாடுகிற நமக்கு, அந்தச் சொல்லுக்குள் தங்கத்தைத் தவிர வேறெதுவும் சேதமானதாக ஒருபோதும் தோன்றியதில்லை.

இன்னொரு சொல்லும் நமக்குத் தெரியும். கேடிஎம். "916 கேடிஎம்" என்றால் சுத்தத் தங்கம் என்று என் கல்யாணத்தின்போது அத்தை அடித்துச் சொன்னாள். இன்றும் ஊர்ப்பக்கத்துக் கடைப் பலகைகளில் அதைப் பார்க்கலாம். அந்த மூன்றெழுத்து காட்மியத்தின் பட்டறைப் பெயர். பழைய பற்றாசு தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்தது. பற்றவைத்த நகையை உருக்கினால் மாற்று குறையும். காட்மியப் பற்றாசில் 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம். காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகுவதற்கே 1064 டிகிரி வேண்டும். அதனால் பற்றவைக்கும் நெருப்பில் காட்மியம் காற்றோடு போய்விடுகிறது, நகையின் மாற்று ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. நகைக்குள் இருக்க வேண்டிய அசுத்தம் ஊதுகிறவரின் மூச்சுக்குள் போவதால்தான் நகை சுத்தம். பொடி வைத்துப் பேசாதே என்று நாம் சொல்லும் வழக்கே, தட்டான் பற்றாசுப் பொடி வைத்து ஊதுவதிலிருந்து வந்தது என்பார்கள். இப்படியொரு பொடியை அந்த வழக்கை உருவாக்கியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

காட்மியத்தைப் புற்று உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-ல் வகைப்படுத்தியது. ஹால்மார்க் நகையில் அதற்கு இடமில்லை. துத்தநாகம் போன்ற மாற்றுகள் வந்துவிட்டன. ஆனால் உடம்புக்குள் போன காட்மியத்துக்கு ஹால்மார்க் சட்டம் தெரியாது. சிறுநீரகத்தில் சேர்ந்தால் அதில் பாதி வெளியேறவே பத்திலிருந்து முப்பது வருடம் ஆகும். பட்டறை மூடி, பட்டறைக்காரரும் இறந்து, அவர் மனைவி மகள் வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். இன்னொன்றும் உண்டு. இரும்புச்சத்து குறைந்த உடம்பு, உணவில் வரும் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். குடலில் இரண்டுக்கும் ஒரே வாசல். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. கடைசியாகச் சாப்பிட்டு, குறைவாகச் சாப்பிட்டு, மாதாமாதம் ரத்தம் இழக்கும் உடம்பு நஞ்சுக்குக் கதவை அகலத் திறந்துவைக்கிறது. பாலினம் எப்படி உடம்புக்குள் இறங்குகிறது என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் இப்போது சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

காட்மியம் ஒரு ஊரையே படுக்கவைத்த கதை ஜப்பானில் இருக்கிறது. தொயாமா மாவட்டத்தில் ஜின்சூ ஆறு. மேலே மலையில் மிட்சுயி நிறுவனத்தின் கமியோகா சுரங்கம். அதன் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்றுநீர் வயலில் பாய்ந்து, அரிசியில் ஏறியது. நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்கள். சிறுநீரகம் பழுதாகி எலும்பு மெலிந்து, இருமினாலே விலா ஒடிந்தது. தொட்டாலும் திரும்பினாலும் 'இத்தாய், இத்தாய்' என்று கத்தினார்கள். வலிக்குதே, வலிக்குதே என்று பொருள். சத்துக்குறைவு, பிள்ளைப்பேறு, உழைப்பின் களைப்பு என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபொரு காட்மியத்தைக் காட்டினார். 1968-ல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. 1971-ல் கீழ் நீதிமன்றமும் 1972-ல் மேல் நீதிமன்றமும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. அந்த நோய்க்கு இன்றும் மருத்துவ நூல்களில் இத்தாய்-இத்தாய் என்றுதான் பெயர். நோயைக் கண்டுபிடித்த ஆண் மருத்துவரின் பெயர் சூட்டப்படாமல், நோயாளிப் பெண்களின் கத்தலே பெயரான நோய்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. நம் ஊரில் யாராவது தைரியமாக ஒரு நோய்க்கு 'ஒத்துக்கல' என்று பெயர் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அம்மாவின் சிறுநீரகத்தைக் காட்மியம்தான் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. கல்யாணமான புதிதில் விறகடுப்பு, பிறகு பல வருடம் மண்ணெண்ணெய் ஸ்டவ். வால்டாக்ஸ் சாலையின் லாரிகள், அப்பாவின் பீடி. நாள்பட்ட நோயின் தந்திரம் இதுதான். ஒரே ராத்திரியில் வந்தால் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். முப்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ஒவ்வொரு காரணமும் இன்னொன்றைக் கைகாட்டித் தப்பிவிடும். எல்லோரும் தப்பியபின் மிஞ்சி நிற்பது நோயாளி மட்டும்தான். அவளுடைய சாப்பாடு, அவளுடைய மனசு, அவளுடைய அலர்ஜி.

மனசு என்பதில் ஒரு வார்த்தை. சூசன் சொன்டாக் 1978-ல் எழுதிய, நோயை உருவகமாக்குவதற்கு எதிரான சிறு நூலைப் பெண்ணிய வகுப்புகளில் தவறாமல் படிக்கிறோம். உணர்ச்சியை அடக்கியதால் புற்று வந்தது என்று சொல்லி நோயாளியையே குற்றவாளியாக்கும் பேச்சை அவர் உரித்தெடுத்தார். "மனசுலயே போட்டு அழுத்திக்கிற, அதான் உனக்கு வருது" என்று அம்மாவிடம் சொல்லாத உறவினரே கிடையாது என்பதால் எனக்கு அந்த நூல் மேல் மரியாதை உண்டு. ஆனால் உருவகங்களை நீக்கிய பிறகு சொன்டாக்கிடம் மிஞ்சுவது முகவரி இல்லாத நோய். அது எந்தத் தெருவில் வந்தது, யார் ஊதிய புகையில் வந்தது என்பது அவர் கேள்வி இல்லை. கவிஞர் ஆட்ரி லார்டிடம் முகவரி இருக்கிறது. மார்பகப் புற்று வந்தபின் 1980-ல் தன் புற்றுநோய்க் குறிப்புகளை வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து, தன் இளமையைச் சொல்லும் 'சாமி' என்ற நூலில், ஸ்டாம்ஃபோர்டில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் எக்ஸ்ரே கருவியோடும் கார்பன் டெட்ராகுளோரைடோடும் வேலை செய்ததை எழுதினார். கறுப்பினப் பெண்களுக்கும் போர்ட்டோரிகோப் பெண்களுக்கும் கிடைத்த வேலை அது. அந்த இரசாயனம் ஈரலைக் கெடுக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 1992-ல் அவர் இறந்தபோது புற்று ஈரலுக்குப் பரவியிருந்தது. ஆலைக்கும் மரணத்துக்கும் கோடு இழுத்துக் காட்ட யாராலும் முடியாது. லார்டும் இழுக்கவில்லை. ஆலையைக் கதையில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதுபோதும் என்று நினைக்கிறேன்.

மருத்துவம் இதைக் கேட்காமல் இல்லை. இத்தாலியின் மொடேனாவில் இருந்த பெர்னார்டினோ ராமசினி 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? அந்த நூலில் பாதரசத்தால் தங்கமுலாம் பூசுகிறவர்கள் வருகிறார்கள், துணி வெளுக்கும் பெண்களும் வருகிறார்கள். முன்னூறு வருடமாகியும் நம் ஐந்து நிமிடக் கிளினிக்கில் அந்தக் கேள்வி அபூர்வம். கேட்டாலும் பெண்களிடம் அது முட்டி நின்றுவிடும். "வீட்லதான் சார், சும்மா இருக்கேன்." 1965-ல் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனையில் மீசோதீலியோமா என்ற புற்று வந்த 76 பேரின் வரலாற்றைத் தோண்டினார்கள். ஒன்பது பேர் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. அவர்கள் வீட்டில் யாரோ அங்கே வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் கணவனின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிகள். வேலையாலும் வீட்டாலும் தொடர்பே இல்லாத 36 பேரில் 11 பேர் ஆலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் துணியைத் துவைத்தீர்கள், எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள் என்று கேட்டதால் கிடைத்த விடை இது. இந்த ஆய்வைப் படித்த இரவு எனக்கு அண்டாத் தண்ணீர் ஞாபகமாகவே இருந்தது.

சிகிச்சை என்ன என்பதில் நம் பெண்களிடம் நிறைய வியாபாரம் நடக்கிறது. நஞ்சு நீக்கும் ஜூஸ், பாதத்தில் ஒட்டும் பட்டை, 21 நாள் டிடாக்ஸ். வெறும் வயிற்றில் எதைக் குடித்தாலும் சிறுநீரகத்தில் இருக்கும் காட்மியம் இறங்கி வராது. ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு, காட்மியத்துக்கு அப்படி நம்பத்தக்க மருந்து இன்னும் இல்லை. இத்தாய்-இத்தாய் பெண்களுக்கு வைட்டமின் டி கொடுத்து எலும்பைத் தாங்கினார்கள், அவ்வளவுதான். ஈயத்துக்கு மருந்து கொடுத்தாலும் அதே வீட்டுக்கு, அதே தூசிக்குத் திருப்பி அனுப்பினால் ரத்தத்தில் அளவு மறுபடி ஏறும். இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008-ல் வெளியிட்டபோது, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. லேகியமே வேண்டாம் என்பதில்லை; என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவை நஞ்சு நீக்கும் என்று நம்பிச் சாப்பிட வேண்டாம். செய்ய வேண்டியவை அழகில்லாதவை. நோய்க்காரியைப் புகையிலிருந்து விலக்குவது, அல்லது புகையை அவளிடமிருந்து விலக்குவது. ரத்தச்சோகையைச் சரிசெய்வது. வலிமாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காமல் சிறுநீரகத்தைக் காப்பது. இன்ஹேலரை வெட்கப்படாமல் எடுப்பது. பட்டறையின் புகைபோக்கியைக் கூரைக்கு மேலே ஏற்றுவது. இந்தக் கடைசி மருந்தை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது, அது அம்மாவின் கையிலும் இல்லை.

இப்போது என் பக்கத்துத் தப்புக்கு வருகிறேன்.

யானைக்கவுனியிலிருந்து வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டினால் எண்ணூர். என் வகுப்பில் கணிசமான பெண்கள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். 2022-ல் ஒரு மாணவி விடுப்புக் கடிதம் கொடுத்தாள். "எங்கள் ஏரியாவில் காத்து சரியில்லாததால் இரண்டு நாள் வர இயலவில்லை." நான் சிவப்புப் பேனாவால் 'காத்து' என்பதை அடித்து, 'உடல்நலம்' என்று மேலே எழுதி, இனி முறையாக எழுது என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் என் அம்மாவுக்கு நடந்ததை எம்.ஏ., பிஎச்.டி. படித்த நான், சம்பளம் வாங்கிக்கொண்டு, இன்னொரு பெண்ணுக்குச் செய்தேன். அவள் வாக்கியத்தில் எழுவாய் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. குடும்பம் ஒரு தலைப்பு, படகு ஒரு தலைப்பு. எண்ணெயில் நின்று நண்டும் இறாலும் கையால் தடவிப் பிடிக்கும் பெண்ணின் தோலுக்கும், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறவளின் மூச்சுக்கும் தலைப்பு இல்லை. படகு என்றால் ரிப்பேர் செலவு உடனே கண்ணுக்குத் தெரியும். தோலில் தங்கியது பத்து வருடம் கழித்து வந்தால் எந்த நிவாரணப் பட்டியலில் தேடுவது? அந்த மாதமே 26-ந் தேதி நள்ளிரவில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பிறகு நடந்த நீண்ட போராட்டத்தின் பந்தலில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது பெண்கள். அந்த வாரம் மறுபடியும் விடுப்புக் கடிதங்கள் வந்தன. எல்லோரும் 'உடல்நலம் சரியில்லாததால்' என்றே எழுதியிருந்தார்கள். நான் கற்றுக்கொடுத்த முறை.

ஒத்துக்கொள்வது என்பதற்கு எதிர்த்தரப்பில் என்ன பொருள் என்று அறியக் கொடைக்கானலைப் பார்க்கலாம். 1983 முதல் 2001 வரை அங்கே பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை நடந்தது. உடைந்த, பாதரசம் ஒட்டிய கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டபின் மூடப்பட்டது. தொழிலாளர்கள் சிறுநீரகம், நரம்பு, கருச்சிதைவு என்று வரிசையாகச் சொன்னார்கள். 2016-ல் இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்து பணம் கொடுத்தது, மனிதாபிமான அடிப்படையில். ஆலையால்தான் நோய் வந்தது என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. தொழிலாளியின் உடம்பு பாதரசத்தை ஒத்துக்கல; நிறுவனம் உடம்பை ஒத்துக்கல.

இதில் இலக்கியத்துக்கு என்ன வேலை? தமிழில் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்குப் போய் உப்பளத்தில் அலைந்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைச் சொன்னது. வடசென்னையை எடுத்துக்கொண்ட சினிமா எங்களுக்குக் கத்தியையும் கேரம்போர்டையும் குத்துச்சண்டையையும் சுவரையும் கொடுத்தது. அதில் நல்ல படங்களும் உண்டு. ஆனால் அந்தச் சந்துகளில் ஓடுகிறவர்கள் யாருக்கும் மூச்சிரைப்பதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எழுத வந்த பெண் கவிஞர்களான நாங்கள் உடலை எழுதினோம். 2002-ல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது எழுந்த கூச்சலுக்கு எதிராக நின்றதில் எனக்கு இன்றும் பெருமைதான். என் இரண்டு தொகுப்புகளிலும் மாதவிடாய் இருக்கிறது, காமம் இருக்கிறது, பிரசவம் இருக்கிறது. நுரையீரல் இல்லை. சிறுநீரகம் ஒரு கவிதையில்கூட இல்லை. ஆண் பார்க்கும் உறுப்புகளைத் திருப்பி எடுத்துக்கொள்வதில் மும்முரமாக இருந்த நான், யாரும் பார்க்காத உறுப்புகளை மறந்துபோனேன்.

மினமாட்டாவில் இஷிமுரே மிச்சிகோ மறக்கவில்லை. அவரும் கவிஞர், வீட்டிலிருந்த பெண். சிஸ்ஸோ ஆலையின் மெத்தில் பாதரசம் கடலில் கலந்து மீன் வழியாக மனிதர்களுக்கு வந்த நோய் அது. 1956-ல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. 1969-ல் வந்த அவருடைய 'குகாய் ஜோதோ' ஆவணம் மாதிரி இருக்கும், ஆவணம் இல்லை. நோயாளிகள் வாய்விட்டுச் சொன்னதை மட்டும் அவர் எழுதவில்லை, சொல்ல முடியாமல் போனதையும் அவர்கள் பேச்சுவழக்கிலேயே எழுதினார். அதற்கு அறிவிக்கப்பட்ட பெரிய விருதை வாங்க மறுத்தார். அதே ஊரில், நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்கும் என்று மருத்துவ உலகம் நம்பியபோது, தாய்மார்கள் நம்பவில்லை. நான் தின்ற மீன் குழந்தைக்குப் போய்விட்டது என்றார்கள். ஹராடா மசசுமி என்ற இளம் மருத்துவர் அதைக் காதில் வாங்கினார். பின்னால் சாட்சியாக நின்றது தொப்புள்கொடி. பிறந்த குழந்தையின் கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துவது அங்கே வழக்கம். அவற்றைச் சோதித்தபோது பாதரசம் இருந்தது. நம் வீடுகளிலும் அதைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவோம். என்னுடையது வெள்ளித் தாயத்து, அப்பா செய்தது. அது யாருடைய பற்றாசு என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

போன வருடம் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போனோம். சின்னப் பெண், என் மாணவி வயது. ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "இப்ப இருக்கிற வீட்டுக்கு முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?" என்றாள். யானைக்கவுனி என்றாள் அம்மா. வீட்டில் யார், என்ன வேலை? அப்பா வேலையைச் சொன்னாள். நீங்க?

"நான் வேலைக்கெல்லாம் போகலம்மா. சும்மாதான் இருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையால் கொஞ்சம் பொறுங்க என்றாள்.

"காலைல எழுந்ததும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"கூட்டுவேன்."

"எதை?"

"மொதல்ல பட்டறை. அப்புறம் வீடு. பட்டறை மண்ணு தனி, வீட்டு மண்ணு தனி, கலக்கக் கூடாது." அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். திராவகம் ஊற்றுகிற நாள், ஜன்னல், கொடியில் ஓட்டை விழுந்த பாவாடை, அப்பாவின் சட்டை, அண்டா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருமல் வந்தபோது நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். வெளியே முப்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். நர்ஸ் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"அந்த அண்டாத் தண்ணிய அப்புறம் என்ன செய்வீங்க?"

"மேல் தண்ணியக் கொட்டிட்டு அடியில தங்கினதை எடுத்து வைப்பேன். வருஷத்துக்கு ஒருதரம் விக்கிறது." அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அந்தக் காசு மட்டும் என்னுது."